ஆயிரம் புள்ளிக்குள் வந்தாறுமூலை

பாசிக்குடா ஹோட்டல்களுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே நிற்கும் ஓர் அரச பல்கலைக்கழகத்தை அளவுகோலும் சந்தையும் எப்படி வளைக்கின்றன?

கிழக்குப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைத் தானே தெரிவு செய்வதில்லை. கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்து மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வகுத்து, இன்ன பிள்ளை இன்ன பீடத்துக்கு என்று எழுதி அனுப்புகிறது. முதற்பட்டப் படிப்பு இலவசம் என்பதால் கட்டணம் பற்றிய பேச்சே இல்லை. எத்தனை பேரைச் சேர்ப்பது, எத்தனை விரிவுரையாளர் பதவி, அவர்களுக்கு என்ன சம்பளம் என்பவையும் வளாகத்துக்கு வெளியேதான் முடிவாகின்றன. சந்தை என்று சொல்வதற்கு வேண்டிய விலையும் இல்லை, விற்பவர் சுதந்திரமும் இல்லை. அப்படியிருந்தும் கடந்த இருபது ஆண்டுகளாக இந்தப் பல்கலைக்கழகம் சந்தையில் கடை போட்ட நிறுவனத்தைப் போலவே அளக்கப்பட்டு வருகிறது. பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஆய்வுக்கட்டுரை, அவற்றுக்கு எத்தனை மேற்கோள், சொந்தமாக உழைத்த வருமானம் எவ்வளவு, உலகத் தரவரிசையில் எத்தனையாம் இடம் என்பவையே கேள்விகள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 16 கிலோமீற்றர். ஏறாவூரும் செங்கலடியும் கடந்து, 'கம்பஸ்' என்றால் பஸ்ஸில் இறக்கிவிடுவார்கள். அதே வீதி கிரான் வழியாக வாழைச்சேனைக்கும், அங்கிருந்து திரும்பினால் கல்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் போகிறது. திருகோணமலை வளாகம், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், மட்டக்களப்பில் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் எனப் பல்கலைக்கழகம் கரையோரம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. படுவான்கரையின் வயற்கிராமத்துப் பிள்ளையும், மூதூர் மீனவர் மகளும், தென்னிலங்கையிலிருந்து சிங்கள மொழி மட்டும் தெரிந்து வரும் மாணவனும் ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

இவர்களை உள்ளே எடுக்கும் விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. அனுமதி இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றும் அந்தப் பதினாறில் அடக்கம். நல்ல பௌதிகவியல் ஆசிரியர் கிடைக்காத பாடசாலையில் படித்த பிள்ளையையும் கொழும்பு றோயல் கல்லூரிப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது என்று அரசு இங்கே ஒப்புக்கொள்கிறது. 1970களின் தரப்படுத்தலில் தொடங்கிய இந்த முறை தமிழர் அரசியலில் எவ்வளவு காயத்தை உண்டாக்கியது என்பது தனிக்கதை. ஆனால் இடத்தையும் பின்னணியையும் கணக்கில் எடுக்கும் அந்தப் பார்வை நுழைவாயிலோடு நின்றுவிடுகிறது. நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வரும்போது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தாறுமூலைக்கும் அளவுகோல் ஒன்றே.

1981

இந்தப் பல்கலைக்கழகம் பிறந்த காலத்தைப் பார்த்தால் இரண்டு எதிரெதிர்க் காற்றுகள் ஒன்றாக வீசியிருப்பது தெரியும். 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கியது. 1981இல் அரசு வெளியிட்ட கல்வி வெள்ளை அறிக்கை, கல்வியைத் தனியாருக்குத் திறந்துவிடும் முயற்சி என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கட்டணம் வாங்கும் வட கொழும்பு மருத்துவக் கல்லூரியும் அந்தக் காலத்ததுதான். 1980களின் இறுதியில் மாணவர் கிளர்ச்சியோடு அது அரசின் கைக்கு வந்தது. வசதியில்லாத மாணவருக்கு உதவும் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் சட்டமானதும் 1981இலேயே. அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது.

பிரித்தானியாவில் அரச நிதியை ஆராய்ச்சித் தரத்தின்படி பங்கிடும் முதலாவது நாடளாவிய மதிப்பீடு நடந்ததும் 1986இல்தான். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ஜராட் அறிக்கை, துணைவேந்தரை ஒரு கம்பனியின் நிறைவேற்று அதிகாரி போலப் பார்த்தது. அவுஸ்திரேலியாவில் கல்வி அமைச்சர் டோக்கின்ஸ் 1980களின் பிற்பகுதியில் கல்லூரிகளை ஒன்றிணைத்துக் கட்டணத்தை மீளக் கொண்டுவந்தார். அரச சேவையைத் தனியார் முறையில் நடத்தி, இலக்கு வைத்து, எண்ணால் அளக்கும் இந்தப் போக்குக்கு 1991இல் கிறிஸ்ரொபர் ஹூட் என்ற ஆய்வாளர் 'புதிய பொது முகாமைத்துவம்' என்று பெயரிட்டார். இங்கிலாந்தில் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணாகத் தொடங்கிய மாணவர் கட்டணம் 2012இல் 9,000 பவுணைத் தொட்டது.

அந்த ஆண்டுகளில் வந்தாறுமூலையின் கவலை வேறாக இருந்தது. 1990இல் போர் மூண்டபோது சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் வளாகத்துக்குள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தார்கள். செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவேயில்லை. 2004 டிசம்பரில் சுனாமி கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. 2006 டிசம்பர் 15ஆம் திகதி துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் கொழும்பில் வைத்துக் காணாமல் ஆக்கப்பட்டார். கட்டடமும் நூலகமும் ஆசிரியர் தலைமுறையும் சேரவேண்டிய முதல் இருபத்தைந்து ஆண்டுகள் இப்படிப் போயின. அளவுகோல் வந்து சேர்ந்தபோது இந்த ஆண்டுகளைக் குறிப்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இருக்கவில்லை.

கடனோடு வந்த கணக்கு

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குள் செயலாற்றுகை அளவீடு பெரும்பாலும் உலக வங்கிக் கடனோடு வந்தது. 2003இல் தொடங்கிய முதலாவது கருத்திட்டம் பட்டப்படிப்பின் பொருத்தப்பாட்டையும் தரத்தையும் உயர்த்துவது என்ற பெயரில் ஏறக்குறைய 4 கோடி டொலரைக் கொண்டுவந்தது. பீடங்கள் முன்மொழிவு எழுதிப் போட்டியிட்டு மானியம் பெறவேண்டும் என்பது அதன் புதுமை. 2010இல் இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்விக் கருத்திட்டம் இன்னொரு 4 கோடியோடு வந்தது. மூன்றாவதான 'அஹெட்' 2017இல் அங்கீகாரம் பெற்றபோது தொகை 10 கோடி டொலர். அதில் பெரும்பகுதி பெறுபேற்றோடு பிணைக்கப்பட்டது. குறித்த சுட்டியை எட்டினால்தான் அடுத்த தவணை. ஆங்கிலத் திறன், ஆராய்ச்சியை வர்த்தகமாக்கல், கைத்தொழிலோடு இணைப்பு ஆகிய தலைப்புகளில் மானியங்கள் பகிரப்பட்டன.

பணம் என்றும் நிபந்தனை இல்லாமல் வந்ததில்லை. திறைசேரிப் பணத்துக்கும் நிபந்தனை உண்டு. வேறுபாடு, போட்டி மானியம் ஏற்கெனவே பலமாக இருப்பவரைத் தேடிப் போகும் என்பதில் இருக்கிறது. நல்ல முன்மொழிவு எழுத ஆங்கிலத்தில் தேர்ந்த, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்த, கற்பித்தற் சுமை குறைந்த பேராசிரியர்கள் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்குள்ளேயே அப்படிப் பலர் இருப்பார்கள். இளம் விரிவுரையாளர்களும் நிரப்பப்படாத பதவிகளுமாக நடக்கும் ஒரு துறையில், பாடம் எடுப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் முன்மொழிவு எழுதுபவரும் ஒரே ஆளாக இருப்பார்.

இந்தக் கருத்திட்டங்களின் வழியாகவே தர உறுதிப்படுத்தலும் வேரூன்றியது. 2015இல் வெளிவந்த கைநூலின்படி ஒரு பட்டப்படிப்பு எட்டு அளவைகளில் பரிசோதிக்கப்படுகிறது. எட்டுக்குள்ளும் சேர்த்து 156 நியமங்கள். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. அளவைகளுக்கு நிறை கொடுத்து மொத்தம் 1,000. எண்பது சதவீதமும் அதற்கு மேலும் எடுத்து, எட்டு அளவைகளிலும் தனித்தனியே குறைந்தபட்சத்தைத் தாண்டினால் 'ஏ'. அறுபதுக்குக் கீழே போனால் 'டி'.

மீளாய்வுக்கு முன்னான மாதங்களில் ஒரு துறைக்குள் எட்டிப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்று விளங்கும். சுயமதிப்பீட்டு அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று வேண்டும். பீடச்சபைக் கூட்டக் குறிப்பு, மாணவர் பின்னூட்டப் படிவம், சக விரிவுரையாளர் வகுப்பைப் பார்வையிட்ட படிவம், வினாத்தாளைச் சீர்பார்த்தவரின் கையொப்பம், களப்பயண வருகைப் பதிவு எல்லாம் இலக்கமிட்ட பெட்டிக் கோவைகளில் ஏறுகின்றன. 156 நியமங்களும் ஒவ்வோர் ஆண்டுக்குமான சான்றும் என்றால் ஓர் அறை நிறைந்துவிடும். மீளாய்வுக் குழு வந்து, கோவைகளைப் பார்த்து, மாணவரோடும் ஊழியரோடும் பேசி, வகுப்பறையையும் கழிவறையையும் பார்வையிட்டுப் போகும். நடந்த காரியத்துக்குப் படிவம் இல்லையென்றால் அது நடக்காத காரியம். பரீட்சைக்கு முதல் நாள் இரவில் மூத்த மாணவர் இளையவருக்கு விடுதி விறாந்தையில் சொல்லிக்கொடுக்கும் 'குப்பி' வகுப்புகளால்தான் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாதிப்பேர் தேறுகிறார்கள் என்று மாணவர் பகிடியாகச் சொல்வதுண்டு. எந்தக் கோவையிலும் அதற்கு இலக்கமில்லை.

இந்தக் கணக்கால் நன்மையே இல்லை என்று சொல்லுவது அநியாயம். ஒருகாலத்தில் பாடத்திட்டம் விரிவுரையாளரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. பழுப்பேறிய குறிப்பை ஆண்டுக்கணக்காக வாசித்துச் சொல்லியவர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருந்தார்கள். பெறுபேறு எப்போது வரும் என்று கேட்கவே மாணவர் அஞ்சினார்கள். இப்போது முதல் வாரத்திலேயே பாடநெறி விவரம் கையில் கிடைக்கிறது. எந்த ஒப்படைக்கு எத்தனை சதவீதம் என்பது எழுத்தில் இருக்கிறது. பாலியல் தொந்தரவுக்கும் பகிடிவதைக்கும் எதிரான பொறிமுறை உண்டா என்ற கேள்வியை எந்தப் பீடாதிபதியும் தட்டிக்கழிக்க முடியாது. அளவீட்டை முற்றாக எதிர்க்கும் ஆசிரியர் சங்கத்து உரைகள் இதை வசதியாக மறந்துவிடுகின்றன.

சிக்கல் நிறையில் இருக்கிறது. எட்டாவது அளவையின் பெயர் 'புத்தாக்கமும் ஆரோக்கியமான நடைமுறைகளும்'. சமூகத்தோடு சேர்ந்து செய்யும் பணி, ஆராய்ச்சி, வருமானம் ஈட்டும் முயற்சி ஆகியன அதற்குள் ஒன்றாக அடைக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரத்தில் அதற்குக் கிடைப்பது 50 புள்ளி. ஏனைய ஏழில் ஐந்து அளவைகளுக்குத் தலா 150. ஒரு வட்டாரப் பல்கலைக்கழகம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் காரியம் முழுவதும் ஐந்து சதவீதத்துக்குள், அதுவும் பங்காளிகளோடு.

வேலை என்னும் கண்ணாடி

பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு வீதமே இன்று எல்லா அறிக்கைகளிலும் முதலில் தேடப்படும் எண். பல்கலைக்கழகம் சந்தைக்குப் பொருத்தமான ஆளை உருவாக்குகிறதா என்பதை அது காட்டும் என்பது எதிர்பார்ப்பு. கிழக்கு மாகாணத்தில் அந்தக் கண்ணாடி காட்டுவது பெரும்பாலும் அரசாங்கத்தின் முகத்தை.

2017 பெப்ரவரியில் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்கா முன்பாகப் பந்தலிட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் நூறு நாளைத் தாண்டியும் அது நீண்டது. கேட்டது அரச நியமனம். 2020இல் அரசு நாடு முழுவதும் ஏறக்குறைய 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டத்தை அறிவித்தது. அது பொதுத்தேர்தல் நடந்த ஆண்டு. கலைப்பீடத்துப் பட்டதாரி பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பிரதேச செயலகங்களில் போய் அமர்ந்தார்கள். ஒரு பீடத்தின் வேலைவாய்ப்பு வீதம் ஒரே ஆண்டில் ஏறினால், பாடத்திட்டம் திருந்தியதா அமைச்சரவை முடிவெடுத்ததா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டபோது எண் இறங்கினால், அதற்கும் விரிவுரையாளர் பொறுப்பல்ல.

தனியார் துறையைப் பாருங்கள் என்று சொல்பவர்கள் விரலை நீட்டுவது பாசிக்குடாவை நோக்கித்தான். கழுத்தளவு ஆழத்துக்குக் கடலுக்குள் வெகுதூரம் நடக்கக்கூடிய அந்த விரிகுடாவில் போருக்கு முன்பும் ஹோட்டல்கள் இருந்தன, போரோடு பாழாயின. போர் முடிந்தபின் கரையோரக் காணி துண்டுகளாக முதலீட்டாளருக்குக் கொடுக்கப்பட்டது. 2011இல் 'மாலு மாலு' திறக்க, அடுத்தடுத்து மற்றவை எழுந்தன. முகாமைத்துவம், ஆங்கிலம், தொடர்பாடல் படித்த பிள்ளைக்கு வாசலிலேயே வேலை என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. நடந்தது அவ்வளவு நேராக இல்லை. மேல்மட்டப் பதவிகளுக்கு ஆட்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். உள்ளூருக்கு மிஞ்சியது பெரும்பாலும் அறை துப்புரவு, தோட்டம், காவல், சமையலறை உதவி. பல வீடுகளில் பெண் பிள்ளையை ஹோட்டல் வேலைக்கு அனுப்ப மனம் வரவில்லை. கிழக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போவோரில் பெண்களே அதிகம் என்பதை நினைத்தால் இது சின்ன விடயமில்லை.

இன்னொன்று, சந்தையின் காலமும் பட்டத்தின் காலமும் ஒத்துப்போவதில்லை. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அந்த ஆண்டின் நம்பிக்கையோடு ஒரு பிள்ளை சுற்றுலாவை ஒட்டிய படிப்பைத் தெரிந்தெடுத்தால், அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. அதற்கடுத்த ஆண்டு கொவிட், வந்தவர்கள் 5 இலட்சம் சொச்சம். 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. பட்டம் கைக்கு வரும் 2022இல் பெற்றோலுக்கு வரிசை, நாட்டுக்கே வங்குரோத்து. 2024இல் எண்ணிக்கை மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. சந்தை தரும் சைகையைப் பார்த்துப் பாடநெறியை மாற்று என்று சொல்லப்படும் பீடம், இந்த ஆண்டுகளில் எந்த ஆண்டின் சைகையைக் கேட்டிருக்க வேண்டும்?

கைத்தொழில் இணைப்பு என்ற சுட்டியும் இதே ரகம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மென்பொருள் கம்பனிகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் கட்டட நிறுவனங்களும் இருக்கின்றன. வந்தாறுமூலையைச் சுற்றி இருப்பவை அரிசி ஆலைகள், ஓட்டமாவடிக் கடைத்தெரு, காத்தான்குடிப் புடைவை வியாபாரம், கரைவலை, கால்நடை, பெருமூச்சு விட்டு விட்டு ஓடும் வாழைச்சேனைக் கடதாசி ஆலை. இவர்களுக்குப் பல்கலைக்கழகத்தால் ஆகவேண்டிய வேலை நிறைய உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதி ஆலோசனைக் கட்டணம் தர இவர்களால் ஆகாது. சுட்டியில் விழுவது ஒப்பந்தமும் கட்டணமும்தான்.

எண்ணப்படும் எழுத்து

பேராசிரியர் பதவியுயர்வுக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஒரு தலைமுறை விரிவுரையாளருக்கு மனப்பாடம். ஆராய்ச்சியும் படைப்பும், கற்பித்தல், நிறுவனத்துக்கும் நாட்டுக்குமான சேவை என்று பிரித்துப் புள்ளி வழங்கும் முறை அது. சர்வதேசச் சுட்டியில் ஏறிய சஞ்சிகைக்கு மதிப்பு அதிகம். உலகத் தரவரிசைகளும் அதே திசையில்தான் தள்ளுகின்றன. கியூ.எஸ். பட்டியலில் கல்வியாளர் அபிப்பிராயத்துக்கு 30 சதவீதம், தொழில்தருநர் அபிப்பிராயத்துக்கு 15 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் குறைவான புள்ளி வெளியார் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்பதில் தங்கியிருக்கிறது.

விஞ்ஞான, விவசாய பீடங்களுக்கு இதில் பெரிய மனத்தாங்கல் இல்லை; அவர்கள் எழுதுவது ஆங்கிலத்தில், படிப்பவர் உலகெங்கும். அங்கும்கூட ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவியில் எந்தப் பருவத்தில் எந்த மீன் குறைகிறது என்று ஆண்டுக்கணக்காக அளந்து கரையோர மீனவர் சங்கத்துக்குச் சொல்வதைவிட, எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு வேதியியல் கட்டுரைக்குப் புள்ளி சுலபம். கலை கலாசார பீடத்தில் நிலைமை மோசம். மட்டக்களப்பின் குடி வழமையையோ கண்ணகி வழிபாட்டையோ பற்றித் தமிழில் எழுதும் ஆய்வைச் சரிபார்க்கத் தகுந்த வாசகர் தமிழில்தான் இருக்கிறார். தமிழ்ச் சஞ்சிகைகள் ஸ்கோபஸ் போன்ற சுட்டிகளுக்குள் இல்லை என்றே சொல்லலாம். அதே ஆய்வை ஆங்கிலத்தில் சுருக்கிப் போட்டால் புள்ளி வரும். அந்த ஊர்க்காரர் வாசிக்கமாட்டார்.

கல்லடி நிறுவகம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த விபுலானந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் 1943இலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பத்து ஆண்டுக்கும் மேலான உழைப்பில் அவர் முடித்த யாழ் நூல் 1947இல் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஆண்டுதோறும் வெளியீட்டுப் பட்டியல் கேட்கும் இன்றைய முறையில் அப்படி ஒரு நூலுக்கு இறங்குபவர் முதலில் தன் பதவியுயர்வைத் தள்ளிவைக்கவேண்டும்.

கூத்து இன்னும் சிக்கலானது. பேராசிரியர் சி. மௌனகுரு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுவந்து இராவணேசன் போன்ற ஆற்றுகைகளை உருவாக்கினார். சி. ஜெயசங்கரும் நண்பர்களும் மறுபக்கமாக நடந்தார்கள்: மட்டக்களப்புச் சீலாமுனையில் அண்ணாவிமாரோடும் ஊரவரோடும் அமர்ந்து, கூத்தின் கதையையும் பெண் பாத்திரங்களையும் சாதி வழக்கத்தையும் ஊருக்குள்ளேயே பேசி மாற்றும் 'கூத்து மீளுருவாக்கம்'. மாதக்கணக்கில் இரவுக்கிரவு நடக்கும் சதங்கை அணிவிழாவும் களரியும் ஆராய்ச்சியா, கற்பித்தலா, சமூக சேவையா? படிவத்தில் மூன்றும் மூன்று பெட்டி. படைப்பாக்கத்துக்கும் புள்ளி உண்டு என்று சுற்றறிக்கை சொன்னாலும், மதிப்பிட வருபவருக்குக் கையில் பிடிக்க ஒரு கடதாசி வேண்டியிருக்கிறது.

எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அயலில் பாடம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் பதவியுயர்வுக்குக் கல்விச் செயல்திறன் சுட்டியைக் கொண்டுவந்தது. சில ஆண்டுக்குள் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகள் புற்றீசலாயின. அவற்றை வடிகட்ட ஒரு நம்பகப் பட்டியல் போட்டார்கள். 2025இல் அந்தப் பட்டியலையும் கைவிட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில், கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' அமைப்பின் பரிசோதனைக் குழுவினரை லஞ்சக் குற்றச்சாட்டில் மத்திய புலனாய்வுத் துறை கைது செய்தது. இலங்கையில் அந்த அளவுக்குப் போகவில்லை. பீடத்துக்குப் பீடம் வருடாந்த ஆய்வரங்கும், எவரும் திரும்பிப் பார்க்காத ஆய்வுச் சுருக்கத் தொகுப்புகளும் பெருகியதோடு நிற்கிறது.

சனி, ஞாயிறு

அளவீடு ஒரு கை என்றால் பணமுடை மறுகை. 2012 யூலையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கேட்டு நூறு நாள் அளவில் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது ஒதுக்கீடு 2 சதவீதத்துக்கும் கீழே. அந்த ஆறு இன்றுவரை வரவில்லை. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 300 கோடி டொலர் ஏற்பாடு வந்தது. அரச செலவு இறுகியது. கற்கை விடுமுறையில் வெளிநாடு போன இளம் விரிவுரையாளர் பலர் திரும்பவில்லை. இருந்தவர்களும் புதிய வருமான வரியைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதத் தொடங்கினார்கள்.

பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லப்பட்ட வழி, நீங்களே உழையுங்கள் என்பது. முதற்பட்டத்தில் கைவைக்க முடியாது. தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றை மாலபேயில் நடத்த எடுத்த முயற்சி 2017இல் எதிர்ப்பால் கைவிடப்பட்டது அரசியல்வாதிகளுக்கு நினைவிருக்கிறது. ஆகவே கட்டணம் பக்கவாசலால் வருகிறது: பட்டப்பின் படிப்பு, வெளிவாரிப் பட்டம், வார இறுதி டிப்ளோமா, சான்றிதழ் நெறி. கிடைப்பதில் ஒரு பங்கு விரிவுரையாளருக்கு, ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு. வணிக முகாமைத்துவமும் கணினியும் விலைபோகும். வங்கி உத்தியோகத்தர் சனிக்கிழமை வகுப்புக்கு வருவார். நாட்டாரியல் படிக்க எவர் கட்டணம் கட்டுவார்? ஒரே வளாகத்துக்குள் உழைக்கும் துறை, உழைக்காத துறை என்று இரண்டு சாதி உருவாகிறது. வாரநாள் இலவச மாணவருக்குப் பாடம் நடத்தியவர் களைத்துப்போய் அமரவேண்டிய இரண்டு நாளும் கட்டண மாணவருக்குப் போகின்றன. ஆராய்ச்சிக்கு எஞ்சுவது இரவு.

முழுச் சந்தை வடிவமும் இந்தப் பக்கத்திலேயே தலைகாட்டியது. வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் வீதியில் புணானையில் சவூதி நிதியோடு தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாபெரும் கட்டடத் தொகுதி எழுந்தது. வகுப்பு தொடங்குமுன்பே 2019 தாக்குதலுக்குப் பிந்திய சர்ச்சையில் அது சிக்கியது. 2020இல் கொவிட் தனிமைப்படுத்தல் நிலையமானது. 2023இல் நிர்வாகத்திடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. தனியார் முதலீடு வந்தால் இடப்பற்றாக்குறை தீரும் என்ற வாதத்துக்குப் புணானை இதுவரை எந்த விடையும் தரவில்லை. பற்றாக்குறை மட்டும் உண்மை: உயர்தரத்தில் தகுதி பெறும் நால்வரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. இடம் கிடைத்தவருக்கும் கையில் காசு தேவை. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொலவை 7,500 ஆக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டம் வேண்டியிருந்தது. இடையில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

வேறு கோல்கள்

அளவுகோலைச் செய்தவர்களே அதைத் திருத்தவும் தொடங்கியிருக்கிறார்கள். சஞ்சிகையின் மதிப்பை வைத்து ஆய்வாளரை எடைபோடக்கூடாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012ஆம் ஆண்டு உருவானது. உள்ளூர் முக்கியத்துவமும் உள்ளூர் மொழியும் கொண்ட ஆய்வுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று 2015இன் லைடன் அறிக்கை கேட்டது. பிரித்தானியா 2014 மதிப்பீட்டில், ஆராய்ச்சி வளாகத்துக்கு வெளியே மனிதர் வாழ்க்கையில் என்ன மாற்றம் செய்தது என்பதற்கு 20 சதவீதமும், 2021இல் 25 சதவீதமும் கொடுத்தது. ஆனால் 2014 மதிப்பீட்டை நடத்தவே 24 கோடி பவுணுக்கு மேல் செலவானதாகக் கணக்கிட்டார்கள். இலங்கையில் உலக வங்கிக் கருத்திட்டங்களையும் வேலைவாய்ப்புக் கோஷத்தையும் கேள்வி கேட்டு 'குப்பி' என்ற பெயரிலேயே ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் குழு பத்திரிகையில் தொடர்ந்து எழுதிவருகிறது. வடக்கு, கிழக்கு விரிவுரையாளரும் அதில் இருக்கிறார்கள்.

கிழக்குக்குப் பொருந்தும் திருத்தங்கள் மலிவானவை. உள்ளே வந்தபோது மாணவர் இருந்த நிலைக்கும் வெளியேறும்போது எட்டிய நிலைக்கும் உள்ள தூரத்தை அளப்பது முதலாவது. இதற்கு வேண்டிய இரண்டு எண்களில் ஒன்று ஆணைக்குழுவிடமும் மற்றது பதிவாளரிடமும் ஏற்கெனவே கிடக்கின்றன. வேலைவாய்ப்பு வீதத்தில் அரச நியமனத்தையும் ஏனையவற்றையும் பிரித்துக் காட்டுவது இரண்டாவது. தமிழிலும் சிங்களத்திலும் வரும் ஆய்வுச் சஞ்சிகைகளைச் சரிபார்த்துத் தரப்படுத்த நாட்டுக்குள்ளேயே ஒரு குழு அமைப்பது மூன்றாவது. மூன்றில் இதுதான் கடினம், ஏனென்றால் பேராசிரியர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் முகத்துக்கு நேரே மதிப்பிட வேண்டிவரும். நிறைப் பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. கைநூலின் அடுத்த பதிப்பை எழுதும் குழுவில் வந்தாறுமூலையிலிருந்தும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலிலிருந்தும் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும்.